பூக்காத அடீனியம், உதிரும் மொட்டு, வாடும் கூடை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சென்னையில் மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டைமாடியில் செடி வளர்க்கிறேன். ரோஜா, செம்பருத்தி என்று எல்லோர் வீட்டிலும் இருப்பவை என்னிடம் குறைவு. தொட்டிகளில் அடித்தண்டு தொந்தி போல் பருத்த அடீனியம், பிரம்ம கமலம், செங்காந்தள், கொடிக்கம்பியில் ஹோயா, மரச்சட்டக் கூடைகளில் வேண்டா ஆர்க்கிட், தொங்கும் கூடைகளில் லிப்ஸ்டிக் செடியும் டொரினியாவும். எங்கள் குடியிருப்பில் யாருடைய தொட்டி சோர்ந்தாலும் அது லிஃப்டில் ஏறி மேலே வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று காரியம். தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். அடியில் உள்ள துளையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். இந்த மூன்றும் முடியும்வரை கடைக்குப் போகாதீர்கள்.

அடீனியத்தின் அடித்தண்டு மெத்தென்று அமுங்குகிறது

அதிகம் வருவது இந்தப் புகார்தான். அதனால் இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

மண்மட்டத்தில் தொடங்கி மேல்நோக்கிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பாருங்கள். நலமான அடித்தண்டு பச்சை உருளைக்கிழங்கு போல் கெட்டியாக இருக்கும். அமுங்கினால் உடனே மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

*மண் காய்ந்திருக்கிறது, தோல் சுருங்கியிருக்கிறது:* வெறும் தாகம். ஒருமுறை முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். சில நாட்களில் இறுகிவிடும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

*மண் ஈரமாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் அமுங்குகிறது:* அழுகல் தொடங்கிவிட்டது. இன்றைக்கே வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

*சுற்றிலும் கூழாகி, அமுக்கினால் பழுப்புநீர் வருகிறது:* அடித்தண்டு போய்விட்டது. மேலே கெட்டியான கிளைகள் இருந்தால் அவற்றை வெட்டி, வெட்டுவாயைக் காயவைத்து நடலாம். பிழைத்துக்கொள்ளும், பூக்கும். ஆனால் குச்சியிலிருந்து வளரும் அடீனியத்துக்குப் பழைய தொந்தி எளிதில் வராது. அந்த ரகமே வேண்டுமென்றால் கிளையை எடுத்துக்கொண்டு ஒட்டுக்கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் போங்கள். கையில் பழக்கமில்லாதவர் வீட்டில் முயன்று கிளையையும் வீணாக்குவதைவிட அந்தக் கூலி மலிவு.

வெட்டும் முறை இதுதான். செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடீனியம் அரளிக் குடும்பம், பால் நஞ்சு. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அழுகிய பகுதியைச் சீவத் தொடங்குங்கள். ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் கத்தியைத் துடையுங்கள். பழுப்புப் பகுதி முடிந்து, அதற்கடுத்து வெளிர் மஞ்சள் வளையம் போலிருக்கும் இடமும் முடிந்து, தேங்காய்ப் பருப்பின் வெண்மை தெரியும்வரை போக வேண்டும். இங்கேதான் பலருக்கு மனம் வராது. எனக்கும் வரவில்லை. முதல்முறை ஒரு கடுகளவு பழுப்புப் புள்ளியை "இது ஒன்றும் செய்யாது" என்று விட்டேன். மூன்றாம் வாரம் செடியைக் குப்பையில் போட்டேன்.

வெண்மை தெரிந்ததும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை வெட்டுவாயில் தடவுங்கள். அது கையில் இல்லையென்றால் நான் மஞ்சள்தூளை அப்பிவிடுகிறேன். பிறகு செடியைக் கயிற்றில் கட்டி நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஏழிலிருந்து பத்து நாள். வேரோடு செடி அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்பார்கள். வெட்டுவாய் தக்கை போல் உலர்ந்ததும், காய்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள்.

கலவை: பருமணல் அல்லது சிறு ஜல்லி இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு கைப்பிடி. அகலமான, ஆழம் குறைந்த மண்தொட்டி. அடியில் தட்டு வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பதினொரு அடீனியங்களைப் பெரும்பாலும் தட்டுகளோடு வெளியே விட்டுவிட்டு, மின்சாரம் எப்போது வரும் என்று கீழே உட்கார்ந்திருந்தேன். நான்கு போயின. தட்டு இல்லாத இரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, அக்டோபர் பாதியில், எல்லாவற்றையும் படிக்கட்டுக் கூரையின் கீழ் ஒதுக்கிவிடுகிறேன்.

செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

செடிக்குச் செடி காரணம் மாறும். ஆனால் செலவில்லாத காரணத்திலிருந்தே தொடங்குங்கள்: வெயில்.

*அடீனியம்:* காலையிலிருந்து ஒரு நாள் முழுக்க, அந்தத் தொட்டியின் மேல் நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று எண்ணுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இடத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. வெயில் போதுமென்றால் உரத்தைப் பாருங்கள். யூரியாவோ தழைச்சத்து மிகுந்த வேறு உரமோ போட்டிருந்தால் நிறுத்துங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் பிப்ரவரி, மார்ச்சில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். அடீனியம் கிளை நுனியில் பூப்பது. நுனி பெருகினால் பூவும் பெருகும். விதையிலிருந்து வந்த சின்னக் கன்று என்றால் குறையொன்றும் இல்லை, வயதுதான் காரணம்.

*பிரம்ம கமலம்:* இதற்கு நேர் எதிர். மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளரும் கள்ளி இது. நம் நண்பகல் வெயிலில் வைத்தால் வெளிறிப் போகும். வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் பச்சையாக நீண்டுகொண்டே போகும், பூக்காது. காலை வெயில் ஒரு மணி நேரமும் பிறகு வெளிச்சமான நிழலும் கிடைக்கும் இடம் போதும். அடுத்து, பழைய 'இலை'களை வெட்டினீர்களா? அவை இலையல்ல, தட்டையான தண்டுகள். முதிர்ந்த தண்டின் ஓரப் பள்ளங்களில்தான் மொட்டு வரும். அழகுக்காகப் பழையதை வெட்டுகிறவர் பூவையே வெட்டுகிறார். மூன்றாவது, பெரிய தொட்டிக்கு மாற்றினீர்களா? வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது பூக்க முனைகிறது. ஒரு தண்டை நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரே இரவில் மலர்ந்து விடியும்போது தொங்கிப்போகும் பூவுக்கு இத்தனை காத்திருப்பா என்று கேட்டால், ஆம். இமயமலையில் பூக்கும் உண்மையான பிரம்ம கமலம் வேறு செடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தருவதாகச் சென்னையில் யாராவது விலை கூறினால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

*ஹோயா:* பூ உதிர்ந்த பிறகு மிஞ்சும் மொட்டைக் காம்பைக் கிள்ளினீர்களா? அடுத்த முறையும் அதே காம்பில்தான் கொத்து வரும். கிள்ளியிருந்தால் புதுக் காம்பு வரும்வரை பொறுங்கள். வேறு வழியில்லை.

*வேண்டா:* இலையின் நிறமே சொல்லிவிடும். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சைக்கு வரும்வரை வாரத்துக்கு ஓரடியாக வெளிச்சத்தை நோக்கி நகர்த்துங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், அந்த வடு போகாது.

மொட்டு வருகிறது, மலராமல் உதிர்கிறது

மொட்டு வந்த பிறகு தொட்டியை நகர்த்தினீர்களா? பிரம்ம கமலத்தில் நான் முதலில் கேட்பது இதுதான். மொட்டைப் பார்த்த மகிழ்ச்சியில் வரவேற்பறைக்குத் தூக்கி வருவார்கள். இரண்டு நாளில் மொட்டு மஞ்சளாகும். மொட்டு தலைகாட்டி மலர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கொக்கி போல் வளைந்த காம்பின் நுனியில் மொட்டு பருத்து, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிறதா? அன்றிரவோ மறுநாள் இரவோ மலர்ந்துவிடும். அப்போது வேண்டுமானால் விருந்தினரைத் தொட்டியிடம் அழைத்துப் போங்கள்.

நகர்த்தவில்லை என்றால், இடையில் ஒருநாள் மண் முழுக்கக் காய்ந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு நாள் மறந்தால் போதும்.

அதுவும் இல்லையென்றால் பூச்சி. உதிர்ந்த மொட்டை வெள்ளைத் தாளின் மேல் பிய்த்துத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல் நீளமாக ஓடினால் இலைப்பேன். செந்நிறப் புள்ளி போல் மெதுவாக ஊர்ந்தால் செம்பேன். இலையடியில் நூலாம்படையும் இருக்கும். செம்பேனுக்கு முதல் மருந்து தண்ணீர்தான்: மூன்று நாளுக்கு ஒருமுறை இலையடியில் அழுத்தமாகப் பீய்ச்சுங்கள். இலைப்பேனுக்கு மொட்டுகளையெல்லாம் கிள்ளி உறையில் கட்டிப் போட்டுவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அதற்கும் அடங்கவில்லையென்றால் கடைக்காரர் கைகாட்டும் புட்டியை வாங்காதீர்கள். கடைசியில் சொல்லியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

தொங்கும் கூடைக்குக் காலையில் ஊற்றினேன், பகலிலேயே வாடிவிட்டது

கூடையை இறக்கி விரல் விடுங்கள். உள்ளே காய்ந்திருக்கிறதா, ஈரமா?

*காய்ந்திருக்கிறது:* ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவே இல்லை. தேங்காய்நார்த் தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. ஓரமாக வழிந்து கீழே சொட்டும். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து நாமும் நிறைந்துவிட்டது என்று நகர்ந்துவிடுவோம். கூடையை ஒரு பக்கெட்டில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். வெளியே எடுக்கும்போது கையில் தெரியும் கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுகோல்.

அப்படியும் மறுநாளே வாடினால் காற்று. மூன்றாம் மாடி உயரத்தில் கடற்காற்று கூடையை நாலா பக்கமும் உலர்த்தும். கைப்பிடிச் சுவருக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள். அடுத்த சந்தேகம், கூடை முழுக்க வேராகிவிட்டது. ஒரு சுற்றுப் பெரிய கூடைக்கு மாற்றுங்கள். செலவு கூடிய கடைசி வழி, நேரக்கருவியோடு சொட்டுநீர்க் குழாய். பத்துக் கூடைக்கு மேல் இருந்தால் மட்டும் அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

*ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது:* வேர் அழுகிவிட்டது. இதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. உருவிப் பாருங்கள். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வரும் வேர்களை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். டொரினியா என்றால் அந்தப் பாடு வேண்டாம். நல்ல தண்டு நுனியைக் கிள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் வேர் விடும்.

கூடையை மாட்டும் கொக்கியையும் பாருங்கள். 12 அங்குல அரைக்கோளக் கூடை கிட்டத்தட்ட 7 லிட்டர் கலவை கொள்ளும். நனைந்தால் செடியும் சங்கிலியும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ. துணிக்கொடிக்கு அடித்த ஆணி அதைத் தாங்காது. பூச்சு உதிரும் கூரையாக இருந்தால் நீங்களே துளையிடாமல் கொத்தனாரை அழையுங்கள்.

இலை ஓரம் தீய்ந்தது போல் பழுப்பாகிறது

மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அப்படியென்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். மழைநீர் சிறப்பு. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. என் வேண்டாக்கள் கோடையில் அதைத்தான் குடிக்கின்றன. சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்வது, புரிகிறது. ஆனால் குழாய்நீரில் இருந்ததைவிட அதிக உப்பு அதில்தான் இருக்கிறது. தரை துடையுங்கள்.

அலசியும் புது இலை தீய்ந்தால் கலவையை மாற்றுங்கள். அதற்கும் மேலே போனால் வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. ஹோயாவுக்கும் அடீனியத்துக்கும் தவறாமல் வரும். கொஞ்சமாக இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அதிகமென்றால் மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசல். எறும்பைத் தடுக்காமல் விட்டால் எல்லாம் வீண், எறும்புதான் காவலாளி. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மேல் வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. மேலே ஒன்றுமில்லை, செடி மட்டும் நலிகிறது என்றால் உருவி வேரைப் பாருங்கள். மண்ணுக்குள்ளேயும் வெள்ளைத் தூள் போல் குடியிருக்கும். மண் முழுவதையும் குப்பையில் கொட்டி, வேரைக் கழுவி, புதிதாக நட வேண்டியதுதான்.

ஒரே இரவில் அடீனியம் மொட்டை

தரையில் மிளகைப் போன்ற கறுத்த எச்சம் கிடக்கிறதா? இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு, கழுத்தருகே இரண்டு நீலக் கண்கள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கண்ணென்று தோன்றுவது வெறும் பொய்க்கண், கடிக்காது. பிடித்துத் தெருவோர அரளியில் விட்டுவிடுங்கள். இலை மீண்டும் வரும்.

அடுக்குச் சிவப்பு வாங்கினேன், ஒற்றை இளஞ்சிவப்பு பூக்கிறது

ஏமாற்றிவிட்டார்கள் என்று நர்சரிக்குச் சண்டைக்குப் போகும் முன் ஒட்டுக்கட்டிய தழும்பைத் தேடுங்கள். அதற்குக் கீழிருந்து கிளைத்தவை அடிச்செடியின் கிளைகள். விட்டால் மேலே உள்ளதை அமுக்கிவிடும். அடியோடு வெட்டுங்கள். தழும்புக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லையென்றால் மறுபடி ஒட்டுக்கட்ட நர்சரிக்காரர்தான்.

செங்காந்தள் பூத்து முடிந்து காய்ந்தே போனது

சாகவில்லை, தூங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழைபடாத நிழலில் ஒதுக்குங்கள். மண்ணை விலக்கித் தொட்டுப் பார்த்தால் கிழங்கு கெட்டியாக இருக்கும். மழைக்காலம் தொடங்கியும் முளைக்கவில்லை என்றால் கிழங்கின் முனையைப் பாருங்கள். கலப்பை போல் வளைந்த கிழங்கில் முளை நுனியில்தான் இருக்கிறது. அது ஒடிந்திருந்தால் அந்தக் கிழங்கை நம்ப வேண்டாம். முளைத்தும் பூக்காதது சிறு கிழங்கு. 50–60 கிராம் எடையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் மாநில மலர்தான். ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் கோல்சிசின். பார்க்கச் சர்க்கரைவள்ளி போலவே இருக்கும். குழந்தையோ நாயோ தொடும் உயரத்தில் வைக்காதீர்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். யாராவது கடித்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரும். உடனே 108. செடியில் ஒரு துண்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து வாங்கி வந்த செடி பத்து நாளில் போய்விட்டது

ஃபியூஷியா, கிழங்கு பிகோனியா இரண்டும் குளிர்ந்த மலைக்குரியவை. இரவும் புழுங்கும் ஊரில் அவை மொட்டுதிர்த்துக்கொண்டே சாகும். இதற்குச் சோதனையும் இல்லை, தீர்வும் இல்லை. அந்தத் தொங்கும் பூதான் ஆசை என்றால் லிப்ஸ்டிக் செடியை நிழலில் வளருங்கள்.

யாரிடம், எப்போது போவது

மூன்று வார வேப்பெண்ணெய்க்கும் பூச்சி அடங்காமல் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குப் பரவினால். காரணம் தெரியாமல் ஒரே மாதத்தில் மூன்று செடி போனால். தொட்டிகளுக்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால். கடைசியாகச் சொன்னதற்குத் தோட்டக்காரர் உதவ மாட்டார். தொட்டிகளை அகற்றிவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மற்ற இரண்டுக்கும் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் அல்லது தோட்டக்கலை அலுவலகம். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

நேரில் போனால் தொட்டியைச் சுமக்க வேண்டாம். நோய் தொடங்கும் நிலையில் உள்ள இலை இரண்டு, முற்றிய நிலையில் உள்ளது இரண்டு, வேரோடு ஒரு பிடி மண், கடைசியாக என்ன தெளித்தீர்கள், எந்தத் தேதியில் என்ற சீட்டு. இலையையும் மண்ணையும் தனித்தனி உறையில் வாய்கட்டி எடுத்துப் போங்கள். மாவுப்பூச்சியைத் திறந்தபடி பஸ்ஸில் கொண்டு போனால் பக்கத்து இருக்கைக்காரர் கையிலிருக்கும் துளசிக் கன்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.